வெள்ளி நாக்கு

தியாகராய நகரில் இருக்கும் அந்த ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களில் ஜொவிட்டாவைப் பார்த்தவர்கள் குறைவு, கேட்காதவர்கள் கிடையாது. "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஒரு குரல் நாலு மாடிக்கும் பரவுமே, அது அவளுடையது. முதல் மாடியில் பில் போடும் மேசைகளுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மைக், ஒரு நாற்காலி, எந்நேரமும் சுற்றும் ஒரு மேசை விசிறி. பட்டு எந்த மாடி, பாவாடைத் துணி எந்த மாடி, யாருடைய வண்டி வழியை மறித்து நிற்கிறது என்பதெல்லாம் அவள் வாய் திறந்தால்தான் கடைக்குத் தெரியும்.

அவள் அப்பா சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டியவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் ஜொவிட்டா. பி.காம். முடித்து வேலை தேடி அலைந்தபோது சான்றிதழை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடை முதலாளி மாணிக்கவாசகம் அண்ணாச்சி மட்டும், "ஏதாவது பேசும்மா, கேப்போம்" என்றார். அவள் பேசினாள். "நாளைக்கே வந்துரு" என்றார்.

அந்தக் குரல் அவளுக்கு மாதா கோயிலில் பழகியது. சிறுமியாக இருக்கும்போதே ஞாயிறு பூசையில் பீடத்துக்குப் பக்கத்தில் வேதாகம வாசகம் வாசிக்க ஏற்றிவிட்டார்கள். தெருவே வாயப்பயம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் வாழைப்பழம் என்றாள். "வந்துட்டாடா டிவி நியூஸு" என்று கேலி செய்வார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அது பெருமைதான். தன்னிடம் இருக்கும் ஒரே சொத்து தெளிவாகப் பேசுகிற வாய் என்று நம்பினாள். அது பிள்ளைக்கும் தானாக வந்து சேரும் என்று நம்பினாள்.

பிள்ளையின் பெயர் காஸ்பர். கணவன் ஃபிரெட்ரிக், தன் அப்பாவின் பெயரை வைத்தான். ஃபிரெட்ரிக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் லேத் வேலை. பெசன்ட் நகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. அவன் அதிகம் பேசமாட்டான். கேட்டதற்கு ஒரு சொல், மீறினால் இரண்டு. கடையில் புடவைப் பிரிவில் இருக்கும் பங்கஜம், "அந்தாளு பங்கையும் நீயே பேசித் தீத்துட்டடி" என்று சிரிப்பாள். ஜொவிட்டாவும் சிரிப்பாள்.

காஸ்பரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். கடற்கரையில் நாய், பஸ்ஸில் கண்டக்டர், யாரைப் பார்த்தாலும் கதை சொல்வான். எல்.கே.ஜி. சேர்த்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், "அ-அ-அ-அம்மா, அந்த மிஸ்ஸு" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அவசரத்தில் சொல் முட்டிக்கொள்கிறது என்று நினைத்தாள். ஜூலையில் அது வேறு மாதிரி ஆனது. வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. கண்ணை இறுக்கி மூடுவான், காலைத் தரையில் உதைப்பான், அப்புறம்தான் சொல் வெளியே விழும். மற்ற எந்தச் சொல்லைவிடவும் அவனை அதிகம் படுத்தியது அவன் பெயர்தான்.

இதை ஒரு பெரிய விஷயமாக அவள் எடுத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆடித் தள்ளுபடி வந்தது.

ஆடி மாதத்தில் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. தினமும் யாருடைய குழந்தையாவது தொலைந்துபோகும். செக்யூரிட்டி தூக்கிக்கொண்டு மைக் அறைக்கு வருவார். ஜொவிட்டா பெயர் கேட்டு அறிவிப்பாள். கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா அலறிக்கொண்டு ஓடிவருவாள். அன்றைக்கு வந்தது மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை.

"உன் பேரு என்ன கண்ணு?"

குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது.

"பேரு சொன்னாதானே அம்மாவைக் கூப்பிடலாம்?"

ஜொவிட்டா மைக்கைப் போட்டாள். "மஞ்சள் நிறக் கவுன் அணிந்த, சுமார் நான்கு வயதுள்ள பெண் குழந்தை முதல் தளத்தில் உள்ளது" என்று திரும்பத் திரும்ப அறிவித்தாள். நெடுநேரம் யாரும் வரவில்லை. கடைசியில் வந்த அம்மா, குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தாள். "பேரு சொல்ல மாட்டியாடி? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று திட்டியபடியே அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவர்கள் போன பிறகு ஜொவிட்டா மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். காஸ்பர் தொலைந்தால்? யாரோ குனிந்து பெயர் கேட்பார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு காலை உதைப்பான். கேட்டவர் அவசரத்தில் போய்விடுவார். அந்தப் படம் அவள் மனத்தைவிட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். சமையல் மேடைக்குப் பக்கத்தில் அவனை நிற்கவைத்தாள்.

"உன் பேரு என்ன?"

"க்... க்..."

"காஸ்பர். சொல்லு."

"க்..."

"அவசரப்படாத. மூச்ச நல்லா இழு. மெதுவா. காஸ்பர்."

"க்க்... காஸ்பர்."

"பாத்தியா, வருது. மறுபடியும் சொல்லு."

மறுபடியும் வராது. அவன் தொடையில் கையால் அடித்துக்கொள்வான். அவள் மீண்டும் முதலிலிருந்து கேட்பாள். தோசை கருகும். ஃபிரெட்ரிக் வாசலில் செருப்பைக் கழற்றியபடி, "விடு ஜொவி. சின்னப் பையன். தானா செரியாயிரும்" என்பான்.

"உங்களுக்கு இன்னா தெரியும்? தொலஞ்சு போனா பேரு கூட சொல்ல வராது அவனுக்கு" என்பாள். கோபம் வந்தால்தான் அவளுக்கு இந்தத் தெருத் தமிழ் வரும்.

அவளைக் குழப்பியது இன்னொன்று. தினமும் விளக்கேற்றியதும் மூவரும் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து செபமாலை சொல்வார்கள். அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லும்போது காஸ்பருக்குத் திக்கவே திக்காது. அம்மா அப்பா குரலோடு அவன் குரலும் கலந்து, வழுக்கிக்கொண்டு போகும். செபமாலை முடிந்து எழுந்ததும், "அ-அ-அ" தொடங்கிவிடும். ஒரு நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அங்க மட்டும் அழகா வருது, எங்கிட்ட வராதா? நடிக்கிறியாடா?"

அவன் அவளையே பார்த்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தான். அது வருவதற்குள் அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

ஃபிரெட்ரிக்கின் அக்கா ஆலிஸ், மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவள்தான் சொன்னாள்: "வேளாங்கண்ணி மாதா கொடியேத்தம் வருதுல்ல? பெசன்ட் நகர்லயே இருந்துக்கினு ஏன் கவலப்படுற? வெள்ளித் தகட்டுல நாக்கு உருவம் வாங்கிக் காணிக்கையாப் போடு. எங்க எதிர் வூட்டு சகினா, அவங்க முஸ்லிமு, அவ பையனுக்குக் காது உருவம் போட்டா. மாதா யாரு இன்னானு பாக்கவா போறா?"

ஜொவிட்டாவுக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று அவளுக்கே தெரியாது. படித்தவள்தானே நான், டாக்டரிடம் போகாமல் தகடு வாங்குகிறேனே என்று ஒரு பக்கம். இத்தனை வருஷம் அந்தப் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்துவிட்டு இப்போது மட்டும் சந்தேகப்படுகிறேனே என்று ஒரு பக்கம். போட்டுவிட்டுத்தான் பார்ப்போமே, என்ன கெட்டுவிடும் என்று கடைசியில் தோன்றியது. அதைத்தான் பிற்பாடு அவள் நினைத்து நினைத்து அழுதாள். என்ன கெட்டுவிடும்.

செப்டம்பர் முதல் வாரம். காவி உடுத்தி நடந்து வந்தவர்கள் தெருவெல்லாம் படுத்திருந்தார்கள். வேளாங்கண்ணி கோயிலுக்கு முன்னால் வரிசையாகக் கடைகள்: மெழுகுவர்த்தி, மாலை, தொட்டில், வெள்ளித் தகட்டில் அடித்த கண், கை, கால், வீடு.

"நாக்கு இருக்கா?" என்று கேட்டாள்.

கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நாக்கா? கேக்கறவங்க கம்மி. இரு, கீய கீது." கீழே இருந்த டப்பாவைக் கிளறியபடியே, "யாருக்கு, இந்த நைனாவுக்கா? கண்ணப் பாத்தா பெரிய வாயாடி மாறி கீறான்!"

காஸ்பர் சிரித்தான். ஒரு சின்னத் தகடு கிடைத்தது. அதில் மேடாக ஒரு நாக்கு. அவன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"இ-இ-இது என்னம்மா?"

"நாக்குடா. உன் நாக்கு" என்றாள்.

வரிசை நகர்ந்து காணிக்கைப் பெட்டிக்கு முன்னால் வந்தபோது அவள் குனிந்தாள். "நாக்க நீட்டு கண்ணு." நீட்டினான். தகட்டை அதில் வைத்து ஒற்றினாள். அப்படித்தான் செய்வது வழக்கம். கால் வலிக்குக் காலில், கண் நோவுக்குக் கண்ணில். "இவன் நாக்க நீ பாத்துக்கோ தாயே" என்று சொல்லித் தகட்டைப் பெட்டியின் வாய்க்குள் விட்டாள். உள்ளே கணீரென்று விழுந்தது. காஸ்பர் எட்டி அந்தத் துவாரத்தில் கண் வைத்துப் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அவள் அவனைத் தூக்கிக்கொண்டாள். அவன் உதடுகளை இறுக்கி மூடியிருந்தான். கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று நினைத்தாள்.

அன்று அவன் திக்கவில்லை. மறுநாளும் திக்கவில்லை. மூன்றாம் நாள் ஆலிஸுக்கு ஃபோன் போட்டு, "அக்கா, நின்னுடுச்சு!" என்று கத்தினாள். கடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். அண்ணாச்சி வாயில் போட்டுக்கொண்டே, "உன் மவன் திக்குவானா, நான் அப்பமே சொன்னேம்லா?" என்றார்.

அதே வாரத்தில் ஒரு சாயங்காலம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. தன் குரலை நிறுத்திப் பார்த்தாள். ஃபிரெட்ரிக்கின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. காஸ்பர் மணிகளை நகர்த்திக்கொண்டிருந்தான். அவன் உதடு அசையவில்லை.

அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டினான். வேண்டாமென்றால் தலையாட்டினான். மிஸ் பற்றிக் கதை சொல்லவில்லை. நாயைக் கூப்பிடவில்லை. அவனுக்குத் திக்குவது நிற்கவில்லை. பேச்சுதான் நின்றிருந்தது. அதைப் போய் அவள் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடியிருந்தாள்.

"காஸ்பர், அம்மானு கூப்பிடு."

அவன் அவள் மடியில் வந்து படுத்துக்கொண்டான்.

பள்ளியிலும் அப்படித்தான் என்று மிஸ் சொன்னார்கள். அடையாறில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அனுப்ரியா என்ற பெண்ணின் முகவரியையும் அவர்களே தந்தார்கள். மாடியில் ஒரு சின்ன அறை, தரையெல்லாம் பொம்மைக் கார்கள். அனுப்ரியா ஜொவிட்டாவைவிடச் சின்னவள். காஸ்பரோடு தரையில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் கார் ஓட்டினாள். பிறகு பெரியவர்களோடு பேசினாள்.

"இந்த வயசுல நிறையப் பிள்ளைங்களுக்குத் திக்கும். பாதிக்கு மேல தானா சரியாயிடும். இது உங்க தப்பால வந்ததில்ல. பரம்பரைலயும் வரும். உங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

"எங்க வீட்ல யாருக்கும் இல்ல" என்றாள் ஜொவிட்டா.

ஃபிரெட்ரிக் தரையைப் பார்த்தான். "எனுக்கு இருந்துச்சு. பெரிய கிளாஸ் வரைக்கும். இப்பவும் சில நேரம் வரும். வர மாறி இருந்தா பேச மாட்டேன்."

ஜொவிட்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த ஆள். "சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மைக்குல பேசுறவ" என்றான்.

அவள் செய்ததையெல்லாம் சொன்னாள். பெயர் கேட்டது, மூச்சை இழுக்கச் சொன்னது, மெதுவாக என்றது, நடிக்கிறாயா என்றது. அனுப்ரியா முகம் சுளிக்கவில்லை. "எல்லா அம்மாவும் செய்யறதுதான்" என்றாள். கூடச் சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் யாருக்கும் திக்காது, அது நடிப்பில்லை என்றாள். "அவனை மெதுவா பேசச் சொல்லாதீங்க. நீங்க மெதுவா பேசுங்க. சொல்லு முட்டினா எடுத்துக் குடுக்காதீங்க, காத்திருங்க. எப்படிச் சொல்றான்னு பாக்காம என்ன சொல்றான்னு மட்டும் கேளுங்க. ஆனா" என்று நிறுத்தினாள். "திக்கற பிள்ளை கொஞ்சம் ஒதுங்கும். இப்படிச் சுத்தமா நிறுத்தறது எனக்குக் கொஞ்சம் யோசனையா இருக்கு. ஏதாவது நடந்துச்சா? யாராவது பயமுறுத்தினாங்களா?"

இருவரும் யோசித்தார்கள். அப்படி எதுவும் இல்லை என்றார்கள். கோயிலுக்குப் போனதை ஜொவிட்டா சொல்லவில்லை. படித்த பெண்ணிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவளும் படித்த பெண்தானே.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு, ஃபோனை அலமாரிக்குள் வைத்துவிட்டு, காஸ்பரோடு தரையில் உட்கார்ந்தாள். கேள்வி கேட்கக் கூடாது. அது அவளுக்கு மலை மாதிரி இருந்தது. பகலெல்லாம் நிறுத்தாமல் பேசிவிட்டு வந்தவள், இங்கே உட்கார்ந்து வாயைக் கட்டிக்கொள்ளப் பழகினாள். "சிவப்புக் கார் போகுது" என்பாள். காத்திருப்பாள். "இங்க பாலம் வருது" என்பாள். காத்திருப்பாள். காஸ்பர் காரை அவள் முழங்கால்மேல் ஏற்றி இறக்குவான். சிரிப்பான்கூட. சிரிப்புக்கும் சத்தம் இருக்காது. பேசாத வீடு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும், இரண்டே அறை.

கடையில் தீபாவளிக் கூட்டம் தொடங்கியது. ஒரு நாள் தொலைந்த பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். அவன் பெயரைச் சொல்லத் தொடங்கித் தேம்பினான். அவள் அவசரப்படுத்தவில்லை. அவன் முடிக்கும்வரை மைக்கைத் தொடவில்லை. "என்னடி, கரண்ட் போச்சா?" என்று பங்கஜம் கண்ணாடியைத் தட்டினாள்.

அக்டோபர் கடைசியில் அவளுக்கு வார விடுமுறையாக ஒரு நாள் கிடைத்தது. காஸ்பரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். திரும்பும்போது அவன் அவள் விரலைப் பிடித்து வேறு பக்கம் இழுத்தான். எங்கே என்று கேட்காமல் பின்னால் போனாள். அவன் கோயிலுக்குள் நுழைந்தான். திருவிழா முடிந்து இடம் வெறிச்சென்று கிடந்தது. அவன் நேராகக் காணிக்கைப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். எக்கித் துவாரத்தில் கண் வைத்தான். இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினான். விரல் அடி வரை எட்டவில்லை.

அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

காஸ்பர் திரும்பினான். வாயைத் திறந்தான். கண்கள் இறுகின. கால் தரையில் உதைத்தது.

"மா-மா-மாதா... எ-என் நாக்க... திருப்பித் தருவாங்களா?"

பல வாரங்களுக்குப் பிறகு கேட்கிற குரல். அது கரகரத்திருந்தது. அவள் எதையோ பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள், பெட்டிதான் கிடைத்தது.

"உன் நாக்கு உன்கிட்டதான் இருக்கு கண்ணு" என்றாள். "பாரு, நீட்டு."

அவன் நீட்டினான். விரலால் தொட்டுப் பார்த்தான். இல்லையென்று தலையை ஆட்டினான்.

"இ-இ-இது சாப்புடுற நாக்கு. பே-பேசுறது... உள்ள இருக்கு."

அவள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இல்லடா. இல்ல. அது வெறும் தகடு. கடையில வாங்கினது. உன் நாக்க யாரும் எடுக்கல. நீ பேசுறதும் அதுலதான், சாப்பிடறதும் அதுலதான். இப்ப பேசினியே, அதுலதான்டா பேசின." அவள் அழுதுகொண்டே சொன்னாள். மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள்.

காஸ்பர் அவள் பிடியிலிருந்து விலகினான். பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். யோசிக்கிறான் என்று தெரிந்தது. உதடு குவிந்தது.

"அ-அ-அ... அப்போ..."

நின்றுவிட்டது. கண்ணை மூடினான். கால் உதைத்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்வியை அவள் எடுத்துக் கொடுத்துவிடலாம். பேச்சை மாற்றிவிடலாம், வா, ஐஸ்க்ரீம் வாங்கலாம் என்று தூக்கிக்கொண்டு போய்விடலாம். அவன் மறந்துவிடுவான். அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். ஒரு சொல்லையும் அவனிடமிருந்து பறிக்கக் கூடாது.

"அப்போ... ஏ-ஏ-ஏன்... நீ அத... போட்ட?"

முழுசாகச் சொல்லிவிட்டான். எவ்வளவோ நாளைக்குப் பிறகு ஒரு கேள்வியைத் தொடங்கி, யாரும் குறுக்கே வராமல், முடித்துவிட்டான். அவன் முகத்தில் அந்த நிம்மதி தெரிந்தது. பதிலுக்காக அவள் வாயையே பார்த்தான்.

ஜொவிட்டா வாயைத் திறந்தாள். நாலு மாடிக்கும் கேட்கிற குரல். சத்தம் வரவில்லை. காஸ்பர் அவளை அவசரப்படுத்தவில்லை. ஈரமான மணல் ஒட்டிய கையை அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அவன் காத்திருந்தான்.